18ஆம் நூற்றாண்டு மேங்க்ஸ் குடும்பங்களின் உயில்களைப் படிப்பதும் சொத்துத் தகராறுகளைப் பின்தொடர்வதும்: முழுமையான வழிகாட்டி

18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேங்க்ஸ் உயில் ஒன்றை, அதாவது மேன் தீவுக்காரர் ஒருவரின் உயிலை, முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு மனம் கனத்துவிடும். அப்பா மூத்த மகனுக்கு ஆறு பென்ஸ், அதாவது வெறும் சில்லறைக் காசு எழுதிவைத்திருப்பார். நடு மகளுக்கும் ஆறு பென்ஸ். ஆடு, மாடு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கடைக்குட்டிக்கு. மூத்தவன் அப்படி என்ன தப்பு செய்தான் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பண்ணை நிலம் முழுவதும் அந்த மூத்தவனுக்குத்தான் போயிருக்கும். உயிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பூர்வீக நிலத்தை உயில் எழுதிக் கொடுக்கும் உரிமை அப்பாவுக்கே கிடையாது என்பதுதான் காரணம்.

அதனால் மேங்க்ஸ் உயிலைத் தனியாகப் படிக்கவே கூடாது. தீவின் வழக்கச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு, நிலப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அப்படிப் படித்தால்தான் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதற்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள் என்பது புரியும். அந்த வேலையை வரிசையாக எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: தீவைப் பற்றிக் கொஞ்சம்

மேன் தீவு அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கிறது. அது இங்கிலாந்தின் பகுதியல்ல. சட்டமன்றமான டின்வால்ட், நீதிபதிகளான இரண்டு டீம்ஸ்டர்கள், 24 பேர் கொண்ட கீஸ் சபை என்று எல்லாமே அதற்குத் தனியாக உண்டு. 1405 முதல் 1736 வரை ஸ்டான்லி குடும்பத்தினர், அதாவது பின்னாளில் டார்பி பிரபுக்கள் ஆனவர்கள், தீவின் அதிபதிகளாக இருந்தார்கள். அப்புறம் 1765 வரை ஆத்தால் பிரபுக்கள். அந்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு 70,000 பவுண்டு கொடுத்து அதிபதியின் உரிமையை வாங்கிக்கொண்டது. இத்தனை கை மாறியபோதும் ஊர் மக்களின் வாரிசுச் சட்டம் தீவின் சொந்த வழக்கமாகவே இருந்தது. இங்கிலாந்துச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த உயில்களைப் படித்தால் ஒவ்வொரு படியிலும் வழி தப்பும்.

படி 1: பாரிஷ், பெயர், தேதி

தீவில் 17 பாரிஷ்கள், அதாவது தேவாலய வட்டாரங்கள். உயில்கள், ஞானஸ்நானம், அடக்கம், நிலக் கணக்கு எல்லாமே பாரிஷ் வாரியாகத்தான் கிடைக்கும். ஆகவே நீங்கள் தேடும் குடும்பம் எந்த பாரிஷ் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கெல்லி, க்வேல், கார்லெட், கெர்மோட், கிறிஸ்டியன் போன்ற குடும்பப் பெயர்கள் தீவு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஒரே பாரிஷில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் மூன்று நான்கு ஜான்கள் இருப்பது சாதாரணம். பண்ணையின் பெயரைக் குறித்துக்கொள்வதுதான் இவர்களைப் பிரித்தறியச் சிறந்த வழி. ‘பல்லா’ என்று தொடங்கும் பண்ணைப் பெயர்கள் ஏராளம், அதிலும் ஒரே பெயர் பல பாரிஷ்களில் வரும். பாரிஷையும் பண்ணையையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

பெண்களைத் தேடுவது இங்கே மற்ற நாடுகளைவிட எளிது. கல்யாணமான பெண்ணின் பெயரோடு பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் ‘அலையஸ்’ என்று போட்டு எழுதுவது மேங்க்ஸ் பதிவுகளின் வழக்கம். கார்லெட் அலையஸ் க்வேல் என்றால், கார்லெட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட க்வேல் வீட்டுப் பெண். பல இடங்களில் பிறந்த வீட்டுப் பெயர் மட்டுமே இருக்கும். எனவே ஒரு பெண்ணின் உயிலை இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய நாட்காட்டியில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறக்கும். ஆகவே 1723 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1724 பிப்ரவரி. பிரிட்டன் 1752ல் புதிய நாட்காட்டிக்கு மாறியது. தீவு 1753ல் தன் சொந்தச் சட்டத்தின் மூலம் மாறியது. அதற்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளுக்கு இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 1723/24 என்று குறிப்பது நல்லது. இல்லாவிட்டால் இறந்த பிறகு ஒருவர் உயில் எழுதியதுபோலக் கணக்கு வரும்.

படி 2: எந்த நீதிமன்றம்?

உயில்கள் அந்தக் காலத்தில் திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரத்தில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இதுதான் நிலை. இதில் இரண்டு நீதிமன்றங்கள்: பிஷப்பின் நீதிமன்றம் ஒன்று, அவருக்கு அடுத்த நிலைப் பாதிரியாரான ஆர்ச்டீக்கனுடையது மற்றொன்று. மற்ற இடங்களில் இப்படி இரண்டு இருந்தால் ஊர் வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். இங்கே ஆண்டையே பிரித்துக்கொண்டார்கள். ஆண்டின் ஒரு பகுதியில் இவர், மறு பகுதியில் அவர். ஒரே வீட்டில் கணவனின் உயில் ஒரு தொகுப்பிலும், சில மாதங்கள் கழித்து இறந்த மனைவியின் உயில் இன்னொரு தொகுப்பிலும் இருப்பது இதனால்தான். ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் மற்றதையும் பார்க்காமல் விடாதீர்கள்.

டக்ளஸ் நகரில் இருக்கும் மேங்க்ஸ் மியூசியத்தின் நூலகத்தில் இந்த உயில்களை மைக்ரோஃபிலிமில் பார்க்கலாம். ஐமியூசியம் இணையதளத்தில் பெயர் வைத்துத் தேடலாம். ஃபேமிலிசர்ச் நிறுவனமும் இவற்றைப் படமெடுத்து வைத்திருக்கிறது. அட்டவணையில் உயில் எழுதாமல் இறந்தவர்களும் இருப்பார்கள். அவர்களையும் எடுத்துப் பாருங்கள். உயில் இல்லாத இடத்தில் நீதிமன்றம் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாகப் பெயர் சொல்லிச் சொத்து நிர்வாகிகளாகச் சமமாக நியமிக்கும். குடும்ப மரம் வரைகிறவருக்கு அந்த ஒரு பக்கம் அழகான உயிலைவிடப் பயன்படும்.

படி 3: உயிலை வரிவரியாகப் படிப்பது

மேங்க்ஸ் உயில் பெரும்பாலும் மரணப் படுக்கையில் சொல்லப்பட்டது. ஆள் படுத்துவிட்டார், பிழைக்க மாட்டார் என்று தெரிந்த பிறகு பாதிரியாரையோ எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிடுவார்கள். சொன்னதை எழுத நேரமில்லாமல் உயிர் போய்விட்டால், உடனிருந்தவர்கள் நீதிமன்றத்தில் வந்து சத்தியம் செய்து அவர் சொன்னதைச் சொல்வார்கள். அதையும் உயிலாக ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாகக் கிடந்தவர் பேசியது மேங்க்ஸ் மொழி. தாளில் இருப்பது ஆங்கிலம். அன்றைய ஊர் மக்களில் பெரும்பாலானோருக்கு மேங்க்ஸ் மட்டுமே சரளம். ஆகவே ‘உடல் நலிந்தாலும் அறிவும் நினைவும் தெளிவாக உள்ள நான்’ என்று தொடங்கும் வாசகம் எழுதியவருடைய வாய்ப்பாடு. அதில் இறந்தவரின் பக்தியையோ குணத்தையோ தேட வேண்டாம். அவருடைய குரல் கேட்க வேண்டுமானால் சின்னச் சின்னப் பொருள்களைப் பாருங்கள். எந்தக் கோட்டு யாருக்கு, எந்த ஆட்டுக்குட்டி எந்தப் பேத்திக்கு என்று சொல்லும் வரிகளில்தான் அது இருக்கிறது.

அடுத்து, நிறைவேற்றுநர் யார் என்று பாருங்கள். உயிலின் மிக முக்கியமான வரி இதுதான். பொதுவாக நிறைவேற்றுநர் என்றால் உயிலில் சொன்னதைச் செய்து முடிக்கும் பொறுப்பாளர் என்று நினைப்போம். மேங்க்ஸ் உயிலில் அவர் வாரிசும் கூட. கடனும், பெயர் சொல்லிக் கொடுத்தவையும் போக மிச்சமிருக்கும் அசையும் சொத்து எல்லாம் அவருக்குத்தான். கைக்குழந்தையைக்கூட நிறைவேற்றுநர் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்தக் குழந்தைக்கு மிச்ச சொத்தைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பல பெயர்கள் இருந்தால் அவர்களுக்குள் பங்கு.

ஆறு பென்ஸ் விஷயத்துக்கு வருவோம். நிறைவேற்றுநராக இல்லாத பிள்ளைக்கு ஏதாவது ஒன்றைப் பெயர் சொல்லி எழுதிவைத்தால்தான், பிறகு அவர் வந்து ‘என்னை மறந்துவிட்டார்கள், எனக்கும் பங்கு’ என்று கேட்பதைத் தடுக்க முடியும். அதற்கான அடையாளத் தொகைதான் ஆறு பென்ஸ். ஏற்கெனவே கல்யாணத்தின்போது சீதனமாகப் பசுவும் பணமும் வாங்கிக்கொண்டு போன மகளுக்கும், நிலம் பெறப்போகும் மூத்த மகனுக்கும் ஆறு பென்ஸ் எழுதுவது நியாயமான ஏற்பாடு. சில வீடுகளில் உண்மையிலேயே கோபமும் இருந்திருக்கும். ஆனால் ஆறு பென்ஸை மட்டும் ஆதாரமாக வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

அப்புறம் ஓரத்தையும் கீழ்ப்பகுதியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். சத்தியம் செய்த சாட்சிகள், நிறைவேற்றுநருக்கு ஜாமீன் நின்றவர்கள், மைனர் பிள்ளைகளுக்கு மேற்பார்வையாளர்களாக நியமிக்கப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். மேற்பார்வைக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் நெருங்கிய உறவினர்களை அழைப்பார்கள். அந்தப் பெயர்களை வைத்தே தாய்மாமன் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கடைசியில் ‘ப்ரோபாட்டம் எஸ்ட்’ என்ற லத்தீன் வரி இருந்தால் உயில் மெய்ப்பிக்கப்பட்டது, அதாவது நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

அதே தாளில், பல ஆண்டு கழித்து வேறு மையில் எழுதப்பட்ட ரசீதுகள் வரும். ‘என் தாயின் சொத்தில் எனக்குச் சேர வேண்டியதை அப்பாவிடமிருந்து பெற்றுக்கொண்டேன்’ என்று மகனோ மகளோ எழுதி, கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், மொத்த ஆவணத்திலும் மிக மதிப்புள்ள பகுதி இந்த ரசீதுதான். பிள்ளை உயிரோடு வளர்ந்தது, எந்த ஆண்டில் வயதுக்கு வந்தது, மகள் என்றால் யாரைக் கட்டிக்கொண்டாள் என எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

படி 4: மனைவியின் பாதி

மேங்க்ஸ் வாரிசு வழக்கத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதி. தகராறுகளில் பெரும் பங்கு முளைப்பதும் இங்கிருந்துதான்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து சேர்த்த பொருளில் பாதி மனைவியுடையது. கணவன் தன் பாதியைத்தான் உயிலில் கொடுக்க முடியும். மனைவியும் தன் பாதியைக் கணவன் உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதிக் கொடுக்கலாம். அதே காலத்தில் இங்கிலாந்தில் கல்யாணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. கணவனுக்கு முன்பே இறந்துபோன மேங்க்ஸ் விவசாயி மனைவி ஒருத்தி, தன் பாதி ஆடுகளையும் தன் சட்டைத் துணிகளையும் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதியிருப்பதைப் படிக்கும்போது, அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது உறைக்கும். பெண்களின் உயில்கள் இவ்வளவு ஏராளமாக இங்கே கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

நிலத்திலும் கைம்பெண்ணுக்கு உரிமை உண்டு. முதல் மனைவியாக இருந்தால், கணவனின் பூர்வீக நிலத்தில் பாதியை, மறுமணம் செய்யாமல் கைம்பெண்ணாக இருக்கும் வரை அனுபவிக்கலாம். இளைய தாரமாக வந்து, மூத்த தாரத்துக்குப் பிள்ளைகளும் இருந்தால் அது கால் பங்காகக் குறையும். வில்லியம் சாசெவரெல் என்பவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவின் ஆளுநராக இருந்தார். இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று ஊரில் சொல்லப்பட்ட கதையை அவர் எழுதிவைத்திருக்கிறார். 1098ல் தீவின் வடக்குப் பக்கத்தாருக்கும் தெற்குப் பக்கத்தாருக்கும் சான்ட்வாட் என்ற இடத்தில் சண்டை. வடக்கத்திப் பெண்கள் களத்தில் இறங்கிக் கணவர்களுக்குத் துணை நின்றார்கள். அதனால் வடக்கில் கைம்பெண்ணுக்குப் பாதி, தெற்கில் மூன்றில் ஒன்று என்று ஆனதாம். சண்டை நடந்தது பழைய வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. பெண்கள் பங்கு கதையை மக்களின் நினைவு என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: பொருள் பட்டியலும் பணமும்

உயிலோடு பொருள் பட்டியல் இணைந்திருக்கும். நான்கு பேர் சத்தியம் செய்து வீட்டுக்கு வந்து மதிப்பிடுவார்கள். பசு, குதிரை, ஆடு, களத்தில் இருக்கும் தானியம், பித்தளைப் பாத்திரம், நூற்கும் ராட்டை, போட்டிருந்த உடுப்பு, கடலோரக் குடும்பம் என்றால் வலையிலும் படகிலும் உள்ள பங்கு என்று வரிசையாக வரும். ஹெர்ரிங் மீன்பிடி காலத்தில் விவசாயியும் கடலுக்குப் போன தீவு இது. அதனால் ஏரும் வலையும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டாம்.

‘கார்ப்’ என்ற சொல் தென்பட்டால் நின்று கவனியுங்கள். வீட்டின் சிறந்த பாத்திரம், ஏர்ச் சாமான், ஆயுதம் போன்ற சில பொருள்கள் பங்கில் சேராமல் மூத்த வாரிசுக்கே போகும். அவற்றுக்குத்தான் இந்தப் பெயர். ஒரு பித்தளைப் பானை கார்ப்பா, பங்கில் சேருமா என்று அண்ணன் தம்பி சண்டை போட்டதுண்டு.

தொகைகளை அப்படியே பிரிட்டிஷ் பவுண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேங்க்ஸ் கணக்கில், 12 பென்ஸ் கொண்ட ஒரு பிரிட்டிஷ் ஷில்லிங்குக்கு 14 மேங்க்ஸ் பென்ஸ். அதாவது 100 பிரிட்டிஷ் பவுண்டுக்கு 116 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் மேங்க்ஸ் பணம். 1840 வரை இதுதான் நடைமுறை. தீவுக்கு வெளியே இருக்கும் ஆவணத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்தால் ஏழில் ஒரு பங்கு தவறும்.

பட்டியலின் மறுபக்கம் கடன். கடன்காரர்கள் நீதிமன்றத்தில் தங்கள் கோரிக்கையைப் பதிவு செய்து சத்தியம் செய்ய வேண்டும். இதற்கு முந்தைய காலத்தில் இருந்த வழக்கம் திகைப்பூட்டும். கடன் கேட்பவர் இறந்தவரின் கல்லறை மேல் மல்லாந்து படுத்து, மார்பில் பைபிளை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய வேண்டும். 1609ல் அதை ஒழித்துவிட்டார்கள்.

படி 6: நிலம் எங்கே போனது?

உயிலில் இல்லாத நிலத்தை இப்போது தேட வேண்டும். முதலில் அது எந்த வகை நிலம் என்று பார்க்க வேண்டும். பழைய பண்ணை நிலம் ‘குவார்ட்டர்லேண்ட்’ எனப்படும். பொதுவாக நான்கு குவார்ட்டர்லேண்ட் சேர்ந்தது ஒரு ‘ட்ரீன்’. மேய்ச்சல் தரிசை வேலியிட்டு எடுத்த நிலம் ‘இன்டாக்’. இவை தவிர ஆலைகளும் குடிசை மனைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் தீவின் அதிபதிக்கு வாடகை கட்ட வேண்டும்.

பூர்வீக நிலம் மூத்த மகனுக்கு முழுவதுமாகப் போகும். மகன் இல்லையென்றால் மூத்த மகளுக்கு. இங்கிலாந்தில் மகன் இல்லாத நிலம் எல்லா மகள்களுக்கும் பங்காகும். இங்கே மூத்தவள் ஒருத்திக்கே. அவள் கல்யாணம் செய்துகொண்டால் பண்ணை வேறு குடும்பப் பெயருக்கு மாறும். ‘இந்தப் பண்ணையில் திடீரென்று வேறு குடும்பம் எப்படி வந்தது?’ என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் இதுதான். கல்யாணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளையும், பெற்றோர் ஓரிரு ஆண்டுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வாரிசாகலாம். அதனால் ஞானஸ்நானத் தேதி கல்யாணத் தேதிக்கு முந்தியதாக இருந்தாலும் அந்தப் பிள்ளையை ஒதுக்கிவிடாதீர்கள்.

சுய சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் வேறு கதை. அதை உயிலில் கொடுக்கலாம், அதில் மனைவிக்குச் சொந்தமாகவே பாதி உண்டு. உயிலில் ஒரு துண்டு நிலம் இளைய மகனுக்குப் போயிருந்தால், அது வாங்கிய நிலமாக இருக்கும்.

தேட வேண்டிய ஏடுகள் இவை. ‘லிபர் அசெடேஷனிஸ்’ என்பது யார் எந்த நிலத்துக்கு எவ்வளவு வாடகை என்ற பட்டியல். ‘லிபர் வஸ்தாரும்’ என்பது நிலம் கை மாறியபோது பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரைச் சேர்த்த பதிவு. உயில் மெய்ப்பிக்கப்பட்ட ஆண்டையும் அதை ஒட்டிய ஆண்டுகளையும் வஸ்தாரும் ஏட்டில் பாருங்கள். வாரிசின் பெயர் வந்துவிடும். விற்பனை, அடமானம், கல்யாண ஒப்பந்தம் ஆகியவை பத்திரங்களாக, வடக்கு, தெற்கு என்று பிரித்து அடுக்கப்பட்டிருக்கும். கல்யாண ஒப்பந்தத்தைத் தவறவிடாதீர்கள். மகனுக்குப் பண்ணையில் பாதியைக் கல்யாணத்தன்றே கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தங்கள் காலத்துக்குப் பிறகு என்று பெற்றோர் எழுதிக்கொடுத்த பத்திரம் கிடைத்தால், உயிலில் அந்த மகனைப் பற்றி ஏன் பேச்சே இல்லை என்பது உடனே புரிந்துவிடும்.

18ஆம் நூற்றாண்டில் இந்தப் பதிவுகளை நம்பிப் பின்தொடர முடிவதற்கு 1704ஆம் ஆண்டின் தீர்வுச் சட்டம் ஒரு பெரிய காரணம். அதற்கு முந்தைய நூற்றாண்டில் அதிபதி, பரம்பரை உரிமையை மறுத்து, குத்தகைக் காலம் நிர்ணயிக்க முயன்றார். மக்கள் பல தலைமுறை எதிர்த்தார்கள். பிஷப் தாமஸ் வில்சனின் முயற்சியும் சேர்ந்து வந்த சட்டம், நிலம் மூதாதையரிடமிருந்து வாரிசுக்குப் போகும் உரிமையை உறுதி செய்து வாடகையையும் நிலைநிறுத்தியது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்

லெசேர் பாரிஷில் ஒரு விவசாயி. அவருடைய குவார்ட்டர்லேண்ட் பூர்வீகம். மூத்த தாரத்துக்கு மூன்று பிள்ளைகள். அவள் இறக்கும்போது வீட்டுப் பொருள் 18 பவுண்டு. அவளுடைய பாதி 9 பவுண்டு. மூன்று பிள்ளைகளையும் நிறைவேற்றுநர்களாக எழுதிவைக்கிறாள். ஆளுக்கு 3 பவுண்டு. பிள்ளைகள் 14 வயதுக்குக் கீழே இருப்பதால் பணம் அப்பாவிடமே இருக்கும். இரண்டு பேர் ஜாமீன், அவளுடைய அண்ணன் மேற்பார்வை.

அப்பா மறுமணம் செய்துகொள்கிறார். இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. சில ஆண்டுகளில் அவரும் இறந்துவிடுகிறார். உயில்: மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறு பென்ஸ், இளையவர்கள் இருவரும் நிறைவேற்றுநர்கள். பொருள் மதிப்பு 20 பவுண்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். மூத்த மகனுக்குக் குவார்ட்டர்லேண்ட். அதில் கால் பங்கின் அனுபவம் சித்திக்கு, அவள் கைம்பெண்ணாக இருக்கும் வரை. பிறகு தாய்மாமன் வந்து, ‘என் தங்கச்சியின் 9 பவுண்டை முதலில் எடுத்து வையுங்கள்’ என்பார். அது கடன், ஆகவே முதலில் கழியும். மிச்சம் 11 பவுண்டில்தான் சித்திக்கும் அவள் குழந்தைகளுக்கும் பங்கு. ‘இத்தனை வருஷம் அந்த மூன்று பேருக்கும் சோறு போட்டது யார், துணி எடுத்தது யார்?’ என்று அவள் கேட்பாள். அவள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. உயிலை மட்டும் படித்தால் இளைய தாரம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டதுபோலத் தெரியும். முழுக் கணக்கையும் போட்டால், இரண்டு கைக்குழந்தைகளோடு சில பவுண்டுகளையும் சில ஏக்கர் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு நிற்கும் பெண் தெரிவாள்.

இந்தக் கணக்கை நீங்கள் ஆராயும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். மேங்க்ஸ் சொத்துச் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படி இரண்டு தாரத்துப் பிள்ளைகளுக்கு நடுவே வருபவைதான்.

படி 7: வழக்கைப் பின்தொடர்வது

பொருள் பற்றிய சண்டையும் நிலம் பற்றிய சண்டையும் வேறு வேறு நீதிமன்றத்துக்குப் போகும். இதைப் பிரித்துப் பார்க்காமல் தேடினால் வழக்கின் பாதிதான் கிடைக்கும்.

உயில் செல்லுமா, பட்டியலில் பொருளை மறைத்தார்களா, அம்மாவின் பங்கு வந்து சேர்ந்ததா என்ற கேள்விகள் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போகும். பிஷப்புக்குக் கீழே விகார் ஜெனரல்கள் இருவர் நீதிபதிகளாக இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் மனு கொடுப்பார். ‘சம்னர்’ என்ற ஊழியர் பாரிஷில் சம்மன் சேர்ப்பார். சாட்சிகளின் வாக்குமூலம் எழுதப்படும். இந்த மனுக்களும் வாக்குமூலங்களும் பெரும்பாலும் உயில் கட்டிலேயே செருகப்பட்டிருக்கும். மற்றவை ‘லிபர் காசாரும்’ என்ற வழக்கேட்டில். உயில் முடிந்ததும் அடுத்த படத்துக்குத் தாவிவிடாமல், அதைத் தொடர்ந்து வரும் பக்கங்களையும் பாருங்கள்.

வாக்குமூலங்களைப் படிக்கும்போது யார் அறையில் இருந்தார்கள், யார் கதவருகே நின்றார்கள், சாகக் கிடந்தவர் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொன்னாரா தலையை மட்டும் ஆட்டினாரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உயில்களில் வழக்கே அதில்தான் நிற்கும். சாட்சிக்கும் பயனடைபவருக்கும் என்ன உறவு என்றும் பாருங்கள். அங்கேதான் பிறந்த வீட்டுப் பெயர் கை கொடுக்கும்.

தீர்ப்புக்குக் கீழ்ப்படியாதவரை பீல் கோட்டையில் உள்ள புனித ஜெர்மன் தேவாலயத்தின் நிலவறையில் அடைக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இருந்தது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு மேலே யார் என்பதே அந்த நூற்றாண்டில் பெரும் சர்ச்சை. பிஷப்பின் தீர்ப்பை எதிர்த்து அதிபதியின் ஆளுநரிடம் போகலாமா என்ற மோதல் முற்றி, 1722ல் ஆளுநர் அலெக்சாண்டர் ஹார்ன் பிஷப் வில்சனையும் விகார் ஜெனரல்கள் இருவரையும் காசில் ரஷன் சிறையில் ஒன்பது வாரம் வைத்தார். அந்தக் காலத்து வழக்குகளில் விசாரணை திடீரென்று நின்றால் இதையும் நினைவில் வைக்கவும்.

நிலத்துக்கு வேறு பாதை. டீம்ஸ்டர்கள், ஜூரிகள், பொதுச்சட்ட நீதிமன்றம். ‘லிபர் ப்ளாசிடோரும்’ பொதுச்சட்ட வழக்கேடு. ‘லிபர் கான்செலாரி’ சான்சரி, அதாவது நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தின் வழக்கேடு. ஜூரியின் முடிவு பிடிக்காவிட்டால் கீஸ் சபைக்கு அப்பீல். அந்த 24 பேரும் சட்டமன்ற உறுப்பினர்களாக இருந்துகொண்டே 1866 வரை இந்த வேலையையும் பார்த்தார்கள். அதற்கும் மேலே, லண்டனில் மன்னரின் ஆலோசனைக் குழு. தீவின் நிலத்தைப் பற்றிய வழக்கில் அங்கே அப்பீல் போகலாம் என்பது 1716ல் கிறிஸ்டியன் எதிர் கோரன் வழக்கில் உறுதியானது. உங்கள் குடும்பம் வசதியான குடும்பமாக இருந்தால் லண்டன் பதிவுகளையும் பாருங்கள்.

தீவையே உலுக்கிய வாரிசுத் தகராறு

இதே காலத்தில் தீவின் அதிபதி பதவியே ஒரு வாரிசுக் கேள்வியில் கை மாறியது. ஐந்தாம் டார்பி பிரபு ஃபெர்டினாண்டோ 1594ல் இறந்தபோது அவருக்கு மூன்று மகள்கள். தம்பி வில்லியம் பிரபுப் பட்டத்தைப் பெற்றார். ஆனால் தீவு யாருக்கு? வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் அண்ணன் மகள்களின் உரிமையை விலை கொடுத்து வாங்கி, 1610ல் பாராளுமன்றச் சட்டம் போட்டுத் தீவைத் தன் வாரிசுகளுக்கு உறுதி செய்துகொண்டார் வில்லியம்.

1736ல் பத்தாம் டார்பி பிரபு பிள்ளை இல்லாமல் இறந்தார். பிரபுப் பட்டம் ஆண் வழியில் தூரத்து உறவினருக்குப் போனது. தீவோ ஏழாம் பிரபுவின் மகள் அமேலியா வழியாக அவருடைய பேரன் ஜேம்ஸ் மர்ரே, இரண்டாம் ஆத்தால் பிரபுவுக்கு வந்தது. அவருக்கும் மகன் இல்லாததால் 1764ல் மகள் சார்லட் வாரிசானார். அடுத்த ஆண்டே தீவின் மேலான உரிமை அரசுக்கு விற்கப்பட்டது. பட்டம் ஒரு வழி, சொத்து ஒரு வழி என்று பிரிந்ததைப் பண்ணைக் குடும்பங்களில் மட்டும் அல்ல, உச்சியிலும் பார்க்கலாம்.

படி 8: தீவுக்கு வெளியே

கடைசியாகத் தேட வேண்டியது வெளியே போனவர்களை. மேங்க்ஸ் ஆண்கள் கப்பலோட்டிகளாகவும் கடற்படையிலும் கம்பெனிப் படையிலும் போனார்கள். 1765 வரை தீவு கடத்தல் வணிகத்தின் மையமாகவும் இருந்ததால், டக்ளஸ் வியாபாரிகளுக்கு வெளியூர்களில் வரவு, கடன் உண்டு. இங்கிலாந்தில் சொத்து இருந்தவரின் உயில் கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்திலோ யார்க்கிலோ மெய்ப்பிக்கப்பட்டிருக்கும். கேன்டர்பரி உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே தேடலாம்.

நமக்குப் பரிச்சயமான ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மார்க் வில்க்ஸ், மேன் தீவில் விகார் ஜெனரலாக இருந்த ஜேம்ஸ் வில்க்ஸ் பாதிரியாரின் மகன். 1782ல் சென்னைப் படையில் சேர்ந்து, மைசூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்டாக இருந்து, தென்னிந்திய வரலாறு எழுதியவர். நெப்போலியன் செயின்ட் ஹெலினாவுக்கு வந்து இறங்கியபோது அங்கே ஆளுநர் இவர்தான். பிறகு தீவுக்குத் திரும்பி, பிராடன் பாரிஷில் கர்பி பண்ணையில் வாழ்ந்து கீஸ் சபையின் சபாநாயகரானார். வெளியே சம்பாதித்துத் திரும்பியவர்கள் வாங்கிய நிலம் சுய சம்பாத்தியம் என்பதால், அவர்களுடைய உயில்களில் மட்டும் நிலம் தாராளமாகப் பேசப்படும்.

கேன்டர்பரி பதிவேட்டில் கிடைப்பது உயிலின் நகல்தான். ஜாமீன்தாரர் பெயர், தாய்மாமன் பெயர், பிள்ளைகள் பின்னாளில் போட்ட ரசீது எதுவும் அதில் இருக்காது. ஆகவே லண்டனில் ஒரு உயில் கிடைத்துவிட்டால் அதோடு நிறுத்தாமல், அதே ஆளின் பெயரில் தீவின் இரண்டு திருச்சபை நீதிமன்றத் தொகுப்புகளையும் ஒருமுறை பாருங்கள்.